சமையல் சந்தேகங்கள்: குடம்புளியும் நல்லமிளகும்

கேள்வி: மதுரைப் பக்கம் பிறந்து, திருமணத்திற்குப் பின் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு வந்திருக்கிறேன். மீன் குழம்புக்குக் குடம்புளி வாங்கி வரும்படி அத்தை சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கொடுக்காப்புளிதான். இரண்டும் ஒன்றா? எவ்வளவு சேர்க்க வேண்டும்?

பதில்: இரண்டுக்கும் யாதொரு உறவும் இல்லை. கொடுக்காப்புளி முள்மரத்தில் சுருண்டு தொங்கும் காய். கறுப்பு விதையைச் சுற்றியுள்ள சதையை அப்படியே தின்னலாமே தவிர, குழம்புக்கு அது உதவாது. குடம்புளியோ மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் வளரும் மரத்தின் பழம். சிறு பூசணிக்காயைப் போல வரிவரியாக இருக்கும், பழுத்தால் மஞ்சளாகும். அது பழுப்பது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் என்பதால், வெயிலை மட்டும் நம்ப முடியாமல், விதை நீக்கிய தோலைக் கிடைத்த வெயிலில் வாட்டிவிட்டு அடுப்புப் புகையில் உலர்த்துகிறார்கள். கடையில் தாங்கள் காணும் கறுத்த சுளைகளின் நிறமும் புகைமணமும் இவ்வாறு வந்தவையே. அழுத்தினால் சற்று வளையும் சுளைகளாகப் பார்த்து வாங்குங்கள். உப்பும் தேங்காயெண்ணெயும் தடவிப் பரணியில் (ஜாடியில்) வைத்தால் நெடுநாள் கெடாது.

சாதாரணப் புளியைப் போல இதைக் கரைத்துப் பிழிய வேண்டியதில்லை. அரைக் கிலோ மீனுக்கு 3 அல்லது 4 சுளைகளைக் கழுவி, வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரோடு சேர்த்தே குழம்பில் போடலாம். அடுப்பை அணைத்த பிறகும் சுளையிலிருந்து புளிப்பு இறங்கிக்கொண்டிருக்கும் என்பதால், கொதிக்கும்போது சற்றுக் குறைவாகத் தோன்றுவதே சரியான அளவு. மறுநாளைக்கு எடுத்துவைப்பதாக இருந்தால் சுளைகளை நீக்கிவிடுங்கள். மண்சட்டி உத்தமம்; புளிப்பு அரிக்கும் அலுமினியப் பாத்திரம் வேண்டாம். சாளை, அயிலை போன்ற நெய்ப்புள்ள மீன்களுக்கு இதைப் போலப் பொருந்தும் புளிப்பு வேறில்லை என்பது என் கருத்து. சாம்பாரிலும் ரசத்திலும் மட்டும் இதைப் பரிசோதிக்காதீர்கள்.

கேள்வி: அத்தை ‘மிளகு’ என்றால் சில வேளை வற்றலாகவும் இருக்கிறது. எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: எல்லைப் பகுதிச் சமையலறைகளில் ‘நல்லமிளகு’ என்றால்தான் நாம் அறிந்த கறுப்பு மிளகு, ‘வத்தல் மிளகு’ காய்ந்த மிளகாய், மலையாளத்துப் ‘பச்சமுளகு’ பச்சை மிளகாய். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக நம் கரைக்கு வந்த பொருள். அதற்கு முன்பே இங்கு காரத்திற்கு ஆண்டுகொண்டிருந்தது மிளகுதான். அடைமொழியின்றி வெறும் ‘மிளகு’ என்று சொல்லப்பட்டால் குழம்பின் நிறத்தைக் கேளுங்கள்: சிவக்க வேண்டுமென்றால் வற்றல்தான்.

கேள்வி: நல்ல சீரகம், பெருஞ்சீரகம்?

பதில்: முன்னது ரசத்திற்குப் போடும் சாதாரணச் சீரகம், பின்னது சோம்பு. மாற்றிப் போட்டால் மணம் முற்றிலும் மாறிவிடும்.

கேள்வி: தேங்காய்ப் பாலை ஒன்றாம் பால், இரண்டாம் பால் என்று ஏன் பிரிக்கிறார்கள்? நான் மொத்தமாக ஊற்றினேன், திரிந்துபோயிற்று.

பதில்: துருவலை மிகக் குறைந்த நீரில் அரைத்துப் பிழிந்தது ஒன்றாம் பால், எண்ணெயும் நீரும் புரதத்தின் துணையால் கலந்து நிற்கும் கெட்டியான திரவம் அது. நன்றாகக் கொதித்தால் புரதம் கட்டிபட்டு எண்ணெய் தனியே பிரிந்துவிடும். புளிப்பு மிகுந்த குழம்பில் இது இன்னும் விரைவாக நிகழும். அதே துருவலில் மீண்டும் நீர் விட்டுப் பிழிந்த இரண்டாம் பாலில் கொழுப்புக் குறைவு என்பதால், காயையோ மீனையோ அதிலேயே வேகவைக்கலாம். புளிப்பும் உப்பும் சரிபார்த்துத் தீயைக் குறைத்த பின்னரே ஒன்றாம் பாலை ஊற்றி, ஓரங்களில் நுரை கூடத் தொடங்கியதும் கொதிக்கவிடாமல் இறக்கிவிடுங்கள்.