ஏழாவதா, நூற்று முப்பத்திரண்டாவதா?

கேள்வி: வேலைக்காக லிஸ்பன் வந்திருக்கிறேன். இங்கே ஒரு கடையில் க்ருஸெய்ரு செய்ஷஸ் என்ற சர்ரியலிச ஓவியரின் சில்க்ஸ்கிரீன் படம் பார்த்தேன். ஒரே படத்தில் இரண்டு பிரதி. ஒன்றில் பென்சிலால் 7/150, இன்னொன்றில் 132/150. ஏழுக்கு விலை கூடுதலாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 7/150 என்றால் மொத்தம் நூற்றைம்பது பிரதியில் ஏழாம் எண், அவ்வளவுதான். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி அடிக்கும் படம் என்றால் தகடு தேயத் தேயக் கோடு மங்கும். அங்கே முதலில் வந்த தாளுக்கு மவுசு இருப்பது நியாயம். சில்க்ஸ்கிரீன் என்பது இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியாக மையைத் தாளில் இறக்குவது; நூற்றைம்பது தாளுக்குள் அந்தத் துணி அப்படியொன்றும் தேய்ந்துவிடாது. அதோடு, நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். பத்து நிறம் என்றால் ஒவ்வொரு தாளும் பத்து தடவை மை வாங்கிப் பத்து தடவை காய வேண்டும். அந்தச் சுற்றில் அடுக்கு கலைந்துவிடும். கடைசியில் கைக்கு வந்த வரிசையில்தான் எண் விழும். உங்கள் ஏழு ஏழாவதாக அச்சானது என்று யாரும் சொல்ல முடியாது.

எண்ணை விடுங்கள், தாளைப் பாருங்கள். வெள்ளை ஓரம் வெட்டுப்படாமல் இருக்கிறதா? வெளிச்சத்தில் சாய்த்தால் மை தாளின்மேல் படலமாக உட்கார்ந்திருப்பது தெரிய வேண்டும். லென்ஸில் நான்கு நிறப் புள்ளிகள் பூப்பூவாகத் தெரிந்தால் பெரும்பாலும் அது ஆஃப்செட் இயந்திரத்தில் அடித்த சாதாரண போஸ்டர்.

கையெழுத்து விஷயத்திலும் கவனம். செய்ஷஸ் (அந்த ஊர்க்காரர்கள் ‘சைஷஷ்’ என்பார்கள்) 1920 டிசம்பரில் பிறந்து, நூறு வயதுக்கு ஒரு மாதம் இருக்கும்போது 2020 நவம்பரில் காலமானார். அதற்குப் பிறகு அடித்த பதிப்பு என்று சொல்லிப் பென்சில் கையெழுத்தோடு காட்டினால், சிரித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். 1985இலிருந்து லிஸ்பனில் இயங்கும் ‘சென்ட்ரு போர்ச்சுகேஷ் டி செரிக்ராஃபியா’ என்ற சில்க்ஸ்கிரீன் நிறுவனம் அவர் படங்களை வெளியிட்டிருக்கிறது. அங்கே ஒரு முறை போய், நல்ல பிரதி எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

என் அபிப்பிராயம் ஒன்று. செய்ஷஸ் 1949இல், சர்வாதிகாரி சலசார் ஆட்சியில், கவிஞர் செசரீனி முதலிய நண்பர்களோடு லிஸ்பனில் படங்களைக் காட்சிக்கு வைத்தவர். அப்புறம் வணிகக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து இந்தியா வரை வந்தவர், அங்கோலாவில் பல வருடம் வாழ்ந்தவர். இந்த மனிதரின் உயிர் மசிப் பேனாக் கோட்டில் இருக்கிறது. ஸ்கிரீனில் அது ஒரு சுற்று பருத்துவிடுகிறது. வண்ணம் அதிகமுள்ள படமாக எடுங்கள்.

கேள்வி: எண்ணுக்குப் பதிலாக ‘பி.ஏ.’ என்று எழுதியிருக்கிறதே?

பதில்: பட்டம் இல்லை! ஓவியர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் பிரதி. நூற்றைம்பதில் சேராது. அதே மை, அதே தாள்தான்.

கேள்வி: படத்துக்குச் சட்டம் எப்படிப் போடுவது?

பதில்: கண்ணாடி மையைத் தொடக்கூடாது, நடுவே அமிலமில்லாத அட்டை வேண்டும். வெயில் படும் சுவர் கூடாது. என்னிடம் உள்ள செய்ஷஸ் குதிரையை ஒரு சட்டக்காரர் சாதாரண செலோடேப்பால் ஒட்டிக் கொடுத்தார். நானும் பார்க்கவில்லை. நாலு வருடம் கழித்துக் கழற்றினால் குதிரைத் தலைக்கு மேல் விரலகலத்துக்குப் பழுப்புக் கறை. புது அட்டையைச் சற்றே கீழே இறக்கி வெட்டச் சொல்லி அதை மறைத்து வைத்திருக்கிறேன்.