தோப்புக்குப் பின்னால் போனதும் சிக்னல் போகிறதா?
செங்கோட்டை வயலில் விடும் ஃபோம் விமானம் தென்னந்தோப்பைத் தாண்டியதும் கைவிட்டுப் போகிறது, ரிமோட்டை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டுக் காசைக் கொட்டாதீர்கள் தம்பி. ரிமோட் அனுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை ஈர மட்டை நன்றாகவே உறிஞ்சும். சாரல் நேரத்தில் கேட்கவே வேண்டாம்.

ஆனால் எனக்குச் சந்தேகம், விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவரின் ஆன்டெனா மேல்தான். படத்தில் அதைக் கார்பன் குழாயோடு சேர்த்து டேப் ஒட்டியிருக்கிறீர்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், சிக்னலை மறைக்கும். வயர் நுனியில் உறை உரித்த சுமார் 31 மில்லிமீட்டர்தான் அலையைப் பிடிக்கும் பகுதி. அதை வளைக்காமல் தள்ளி ஒட்டுங்கள். இரண்டு இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக.

அப்புறம், ரிமோட் ஆன்டெனாவின் நுனியை விமானத்தை நோக்கி நீட்டாதீர்கள், அந்தத் திசையில்தான் சிக்னல் குறைவு. ஃபெயில்சேஃபில், அதாவது சிக்னல் அறுந்ததும் ரிசீவர் தானாகச் செய்யும் பாதுகாப்பு ஏற்பாட்டில், மோட்டார் நிற்கிறதா என்று ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.