பி.ஏ.வா, பி.எஸ்சி.யா: குலசேகரத்து அக்காவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை மார்த்தாண்டத்தில் கல்லூரிப் படிப்பு பற்றிக் கேட்க நீங்களும் பிள்ளையும் என்னிடம் வந்தபோது பின்னால் பத்துப் பேர் காத்திருந்தார்கள். நீங்கள் கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. எழுந்து போகும்போது வாசலில் நின்று, "பி.ஏ.ன்னு சொன்னா ஆளுகளுக்கு ஒரு மாதிரி இருக்கு. அதே எக்கனாமிக்ஸ் பி.எஸ்சி.ன்னா கொஞ்சம் மதிப்பா இருக்கும்லா?" என்று கேட்டீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். பிள்ளையின் அப்பா சார்ஜாவிலிருந்து கூப்பிடும்போது இதை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நீங்கள் சொன்ன அந்த 'மதிப்பு' எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். நம் மாவட்டத்தில் பத்தாம் வகுப்பு முடிந்ததும் மார்க் கூடினால் சயின்ஸ் குரூப், குறைந்தால் மற்றது என்று பிள்ளைகளைப் பிரித்து வைக்கிறோம். அந்தப் பழக்கம் கல்லூரி வாசல் வரை கூடவே வந்துவிடுகிறது. பி.எஸ்சி. என்றால் கெட்டிக்காரப் பிள்ளை, பி.ஏ. என்றால் வேறு வழியில்லாமல் சேர்ந்த பிள்ளை. வேறு பாடங்களில் இது எப்படியோ, பொருளியலில் இந்தக் கணக்கு சுத்தமாகப் பொருந்தாது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தால் கிடைப்பது பி.ஏ. பட்டம். அங்கே இயற்பியல் படிப்பவருக்கும் முதல் பட்டம் பி.ஏ.தான். லண்டன் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸில் அதே பொருளியலுக்கு பி.எஸ்சி. கொடுக்கிறார்கள். நம் நாட்டிலேயே கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் அமர்த்தியா சென் 1953இல் முடித்தது பி.ஏ. அதே கல்லூரியில் அபிஜித் பானர்ஜி 1981இல் முடித்தது பி.எஸ்சி. ஒருவருக்கு 1998இலும் இன்னொருவருக்கு 2019இலும் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் ஆனர்ஸ் படிப்பும் பி.ஏ.தான். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படிக்காதவர்களை அதில் சேர்ப்பதில்லை. பாடத்தின் பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த எழுத்து, அந்தந்தப் பல்கலைக்கழகத்தில் என்றைக்கோ வந்த வழக்கம்.

சரி, அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா என்றால், நம் பக்கத்துக் கல்லூரிகளைப் பொறுத்தவரை ஒன்றில்லை. பொதுவாக பி.ஏ. பொருளியலில் நுண்பொருளியல், பேரியல், இந்தியப் பொருளாதாரம், தமிழ்நாட்டுப் பொருளாதாரம், பணமும் வங்கியும், பொது நிதி, பன்னாட்டு வணிகம் என்று போகும். புள்ளியியலும் கணிதமும் ஓரிரு தாள்களில் வந்து போகும். பி.எஸ்சி. என்று பெயர் வைத்த இடங்களில் முதல் ஆண்டிலேயே நுண்கணிதமும் நேரியல் இயற்கணிதமும் வந்துவிடும். அப்புறம் எக்கனோமெட்ரிக்ஸ், அதாவது பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் அளக்கும் பாடம், கூடுதலாக இருக்கும். ஆர், பைத்தான் மாதிரியான மென்பொருளில் தரவை வைத்து வேலை செய்யவும் சொல்லித் தருவார்கள். வரலாறும் கொள்கையும் அந்த அளவுக்குக் குறையும்.

உங்கள் ரப்பர் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாளே, "மழைக்காலத்தில் பால் வெட்டு குறைகிறது, ஷீட்டும் குறைகிறது, அப்படியும் சில வருஷம் ரப்பர் விலை ஏறாமல் இருக்கிறதே, ஏன்?" என்று நான் கேட்டதும் நிமிர்ந்தாள். "வெளிநாட்டில விலை கம்மின்னா டயர் கம்பெனிக்காரங்க அங்கேயிருந்து வாங்கிடுவாங்க. நம்ம கிட்ட ஷீட் இல்லங்கிறது அவங்களுக்குப் பெரிசில்ல" என்றாள். எந்த டியூஷனிலும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். களியலிலும் குலசேகரத்திலும் கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டுக் கேட்டு அவளாகப் புரிந்துகொண்டது. கச்சா எண்ணெய் விலை இறங்கினால் செயற்கை ரப்பர் மலிவாகும், அதனாலும் நம் ஷீட்டுக்கு அடி விழும் என்று நான் சேர்த்துச் சொன்னபோது நோட்டில் குறித்துக்கொண்டாள். இறக்குமதி வரி எப்படி வந்தது, சிறு விவசாயி ஏன் பேரம் பேச முடியாமல் நிற்கிறான் என்று தேடிப் போவது பி.ஏ. வகுப்பின் போக்கு. இருபது வருஷ விலையை அட்டவணையாக்கி, எண்ணெய் விலை எவ்வளவு மாறினால் ஷீட் விலை எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடுவது பி.எஸ்சி. வகுப்பின் போக்கு. நல்ல பொருளியலாளருக்கு இரண்டும் வேண்டும். ஆனால் பதினேழு வயதில் ஒரு பிள்ளைக்கு எதில் மனம் ஒட்டுகிறது என்பது முக்கியம்.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் படித்ததும் பி.ஏ. பொருளியல்தான். கணிதம் என்றால் பயம் என்பதால், கணிதம் குறைவாக உள்ள துணைப்பாடங்களைத் தேடி எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. எம்.ஏ. முதல் மாதம் கரும்பலகை முழுக்கப் பகுதி வகையீடு எழுதிப் போட்டார்கள். கூடப் படித்தவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள், எனக்கு ஒரு வரி புரியவில்லை. அந்த ஒரு வருஷம் இரவெல்லாம் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கு யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அதனால்தான் இன்றைக்கு எதிரே வந்து உட்காரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் முதலில் கணிதத்தைப் பற்றிக் கேட்கிறேன்.

உங்கள் பிள்ளை வணிகக் கணிதம் எடுத்திருக்கிறாள். அது நல்லது. அந்தப் புத்தகத்திலேயே சோதனை இருக்கிறது. பிளஸ் ஒன்னில் வகையீட்டின் பயன்பாடுகள் என்ற பாடத்தில் இறுதிநிலைச் செலவும் தேவை நெகிழ்ச்சியும் வரும். அணிகள் பாடத்தில் உள்ளீடு-வெளியீடு பகுப்பாய்வு வரும். பிளஸ் டூவில் தொகையீட்டில் நுகர்வோர் உபரி வரும். இதெல்லாம் கணிதப் புத்தகத்துக்குள் ஒளிந்திருக்கும் பொருளியல். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து அந்த மூன்றிலும் பத்துக் கணக்குப் போடட்டும். எத்தனை சரி என்பது எனக்குப் பெரிதில்லை. போட்டு முடித்த பிறகு முகம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் பாருங்கள். வெறுப்போடு எழுந்தால் கணிதம் கூடிய பி.எஸ்சி.க்கு அவளைத் தள்ள வேண்டாம். இன்னும் இரண்டு போட்டுப் பார்க்கிறேன் என்றால் விஷயம் வேறு.

டெல்லி போன்ற இடங்களுக்கு நினைத்தால், வணிகக் கணிதத்தை அங்கே கணிதமாக ஏற்கிறார்களா என்று அந்தக் கல்லூரியின் அறிவிப்பிலேயே பார்த்து உறுதி செய்ய வேண்டும். தெரிந்தவர் சொன்னார் என்று போகாதீர்கள்.

அடுத்து வேலை. நீங்கள் "டீச்சர் வேலைக்காவது போகலாம்லா" என்றீர்கள். இதில் நம் ஊரில் நிறையக் குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. தமிழ்நாட்டில் ஆங்கிலமோ கணிதமோ வரலாறோ படித்தவர்கள் இளங்கலை முடித்த கையோடு பி.எட். சேரலாம். பொருளியலுக்கு அப்படி இல்லை, முதுகலை முடித்த பிறகுதான் பி.எட். அதன் பிறகு மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியர் பணி. ஆக மூன்று வருஷம், இரண்டு வருஷம், அப்புறம் பி.எட். இரண்டு வருஷம், மொத்தம் ஏழு வருஷம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பி.ஏ. என்றாலும் பி.எஸ்சி. என்றாலும் இதில் மாற்றமில்லை.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, வங்கித் தேர்வுகள், யு.பி.எஸ்.சி. குடிமைப்பணி ஆகியவற்றில் பெரும்பாலும் ஏதாவது ஒரு பட்டம் போதும். பி.ஏ. என்று யாரும் ஒதுக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் பிள்ளைக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்தவள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. 2010இல் வந்த சட்டம் அது. 2020இல் செய்த திருத்தத்தின்படி பள்ளியிலிருந்து பட்டம் வரை முழுக்கத் தமிழ்வழியாக இருக்க வேண்டும். பட்டம் தகுதியாக உள்ள பணிக்கு, பட்டப்படிப்பையும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். உங்களிடம் பேசிய அந்த பெங்களூர்க் கல்லூரியின் பி.எஸ்சி. ஆங்கிலவழி. அங்கே சேர்ந்த அன்றைக்கே இந்த உரிமை போய்விடும். போகட்டும் என்று முடிவெடுப்பதும் தவறில்லை, ஆனால் தெரிந்து எடுக்க வேண்டும்.

அப்புறம் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்த பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. சேரப் போகும் கல்லூரிக்கு அது பொருந்துமா என்றும் கேட்டுவிடுங்கள்.

எந்தப் பட்டம் என்பதைவிட, சான்றிதழில் என்ன பாடம் இருக்கிறது என்று பார்க்கும் வேலைகளும் உண்டு. மத்திய அரசுப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி., பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அதிகாரி பணிக்கு, பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் 60 சதவீதமோ பட்டத்தில் புள்ளியியல் ஒரு பாடமாகவோ இருக்க வேண்டும். இந்தியப் பொருளாதாரப் பணி என்று யு.பி.எஸ்.சி. தனித்தேர்வு நடத்துகிறது. அதற்குப் பொருளியலில் முதுகலை கட்டாயம். ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுத் துறைக்கான அதிகாரி பணிக்கும் அப்படித்தான். நல்ல வேலைகள் பலவற்றின் கதவு முதுகலையில்தான் திறக்கிறது.

முதுகலைக்கு எங்கே என்பதையும் இப்போதே மனதில் வைக்க வேண்டும். நாகர்கோவிலில் இருந்து 70 கி.மீ. தூரத்தில், திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் வளர்ச்சி ஆய்வு மையம் (சி.டி.எஸ்.) இருக்கிறது. பேராசிரியர் கே. என். ராஜ் 1971இல் தொடங்கியது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல் செங்கல்லாக எழுப்பிய அந்த வளாகத்தை ஒருமுறை பிள்ளைக்குக் காட்டிவிட்டு வாருங்கள். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் அங்கே எம்.ஏ. படிக்க வருகிறார்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அது இருப்பதே தெரியாது என்பது எனக்குப் பெரிய வருத்தம். சென்னை கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ் இருக்கிறது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அளவுசார் பொருளியல் முதுகலைக்கான நுழைவுத்தேர்வில் ஒரு தாள் முழுக்கக் கணிதம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் மதிப்பெண் பட்டியலில் எத்தனை கணித, புள்ளியியல் தாள்கள் இருக்கின்றன என்றுதான் எண்ணிப் பார்ப்பார்கள்.

பெயர் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. பி.எஸ்சி. எக்கனாமிக்ஸ் என்பதோடு இன்னும் நாலு வார்த்தை சேர்த்துப் புதுப்புதுப் பெயரில் படிப்புகள் வருகின்றன. அரசுப் பணி அறிவிப்பில் சொன்ன பட்டமும் கையில் இருக்கும் பட்டமும் பெயரில் வேறுபட்டால், இரண்டும் சமம் என்ற அரசாணையைக் காட்டச் சொல்வார்கள். என்னிடம் படித்த ஒரு பையன் தேர்வில் தேறியும் சான்றிதழ் சரிபார்ப்பில் இதற்காக அலைந்த அலைச்சலைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அரசுப் பணி ஆசை கொஞ்சமாவது இருந்தால், சமநிலை பற்றிக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி என் முடிவைச் சொல்கிறேன், நீங்கள் அதைத்தானே கேட்டீர்கள். பெங்களூருக்குக் கடன் வாங்கி அனுப்ப வேண்டாம். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி என்று நாகர்கோவிலிலேயே பழைய பொருளியல் துறைகள் இருக்கின்றன. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். தமிழ்வழிப் பிரிவு எங்கே இருக்கிறது, கணிதமோ புள்ளியியலோ துணைப்பாடமாக எங்கே கிடைக்கும் என்று நேரில் போய்க் கேட்டுச் சேருங்கள். வகுப்பில் கணிதம் போதாவிட்டால் மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். பிளஸ் டூ முடித்த பிள்ளை வாரம் ஐந்து மணி நேரம் அதற்கு ஒதுக்கினால் மூன்று வருஷத்தில் எம்.ஏ. வகுப்பில் பயமின்றி உட்காருவாள். மிச்சமாகும் பணம் முதுகலைக்கு இருக்கட்டும்.

அந்தப் பத்துக் கணக்கையும் ஆசையாகப் போட்டுவிட்டு, ஆராய்ச்சிதான் வேண்டும், அரசு வேலை வேண்டாம் என்று பிள்ளை உறுதியாகச் சொன்னால் என் பேச்சு மாறும். அப்போது கணிதம் கூடிய படிப்பு, ஆங்கிலவழி, எந்த ஊர் என்று மறுபடியும் உட்கார்ந்து பேசுவோம். பி.எஸ்சி.யாக இருந்தாலும் சரி, பி.ஏ. ஆனர்ஸாக இருந்தாலும் சரி.

அடுத்த சனிக்கிழமை வாருங்கள். பார்க்கிற இரண்டு மூன்று கல்லூரிகளின் பாடத்திட்டத்தை, ஆறு செமஸ்டருக்கும் தாள் வாரியாக, பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள். பிள்ளை போட்ட கணக்கு நோட்டையும் மறக்க வேண்டாம். முதல் கால் மணி நேரம் அவளிடம் தனியாகப் பேச வேண்டும், நீங்கள் வெளியே பெஞ்சில் இருங்கள். சனிக்கிழமை உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் ஒவ்வொரு பதிலும் சொன்னாள்.