மானுக்காக அடகுபோன காப்பு

கேள்வி: நான் திருகோணமலை உவர்மலையில் முன்பள்ளி ஆசிரியை. கோட்டை மான்களைப் பற்றி நானே எழுதி, வரைந்து 24 பக்கத்தில் ஒரு சிறுவர் புத்தகம் போட்டேன். 1000 பிரதிக்குச் செலவு 2,80,000 ரூபாய். அதில் 2 இலட்சம் காப்பை அடகு வைத்து எடுத்தது, வருட வட்டி 18 வீதம். 14 மாதமாக வட்டி மட்டும்தான் கட்டுகிறேன். விலை 500. வெளியீட்டு விழாவில் 110, கடைகளில் 35 வீதக் கழிவில் 200 விற்றன. 150 இனாமாகப் போயிற்று. அடுத்த புத்தகத்துக்கு அச்சகம் 500 பிரதி 1,90,000, 1000 பிரதி 2,80,000 என்கிறது. "ஆயிரமே அடி, சங்கிலியையும் வை, விழாவைப் பெரிசாச் செய்வம்" என்கிறார் அண்ணா. மிச்சக் காசை மாதம் 8 வீதம் தரும் செயலி ஒன்றில் போடவும் சொல்கிறார். கொழும்புப் பதிப்பகம் ஒன்று 60,000 ரூபாய்க்குப் படம் வரையக் கேட்டது. நேரமில்லை என்று பதில் போடவில்லை.

பதில்: சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்.

"ஆயிரம் அடித்தால் ஒன்று 280தான்" என்ற கணக்குத்தான் உங்களைக் கவிழ்த்தது. அது அச்சகத்தின் கணக்கு. உங்கள் கணக்கு வேறு: அச்சு 2,80,000, வட்டி 14 × 3,000 = 42,000, மொத்தம் 3,22,000. விற்றது 310. ஆகவே விற்ற பிரதி ஒவ்வொன்றுக்கும் விழுந்த செலவு ஏறக்குறைய 1,039 ரூபாய். கைக்கு வந்தது விழாவில் 55,000, கடைகளில் 65,000. பள்ளம் 2,02,000. மீதி 540 பிரதியும் ஒன்று விடாமல் கடைக்குப் போனாலும் 1,75,500தான் தேறும். இனாமாகக் கொடுத்த 150இன் அச்சுச் செலவும் 42,000. சொந்தக்காரருக்கு இரண்டாவது வட்டி கட்டியிருக்கிறீர்கள்!

முதலில் அந்தப் பதிப்பகத்துக்கு இன்றே எழுதுங்கள். பாதிப் பணம் முற்பணம், திருத்தம் இரண்டு தடவை மட்டும், உரிமை முதற்பதிப்புக்கு மட்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படத்தின் உரிமை உங்கள் ஆயுளுக்கும் அதன்பின் 70 வருடத்துக்கும் உண்டு. 60,000க்கு மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மூலப் படங்களையும் கொடுக்க வேண்டாம், ஸ்கேன் போதும்.

அடுத்தது அந்த 540. ஒளிவிழா, வருட இறுதிப் பரிசளிப்பு என்று முன்பள்ளிகள் பரிசு தேடும் காலத்தில் நேரடியாக 400 ரூபாய்க்குக் கொடுங்கள். கடை தருவதைவிட 75 கூட. 300 போனால் 1,20,000. வரைவுக் கூலியோடு சேர்த்து 1,80,000. கடன் முதலைப் பகுதி பகுதியாகக் கட்டலாமா என்று அடகு வைத்த இடத்தில் கேளுங்கள். கட்ட முடிந்தால் வட்டியும் உடனே குறையும்.

இரண்டாவது புத்தகத்தை 16 பக்கமாகச் சுருக்கப் பாருங்கள். 16 பக்கம் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் அடித்து மடிக்கும் பக்கத் தொகுதி. 24 என்றால் ஒன்றரை, அச்சுத் தகடான பிளேட்டும் மெசின் நேரமும் கூடும். 300, 500 இரண்டுக்கும் புதிய விலை வாங்குங்கள். முற்பதிவுக் காசாக அச்சுச் செலவில் மூன்றில் இரண்டு கையில் வராமல் பிளேட் போடச் சொல்லாதீர்கள். 500 பிரதி ஒன்று 380 விழுகிறது. 500 ரூபாய் விலை வைத்துக் கடைக்கு 325க்குக் கொடுத்தால் விற்கும் ஒவ்வொன்றிலும் 55 நட்டம். விலையைக் கூட்ட வேண்டும், அல்லது கடையை விட வேண்டும்.

அண்ணாவிடம் சொல்லுங்கள்: விழா வேண்டுமென்றால் மண்டபக் காசு அவருடையது, இனாம் பிரதி 20க்கு மேல் இல்லை. அந்தச் செயலி பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. மாதம் 8 வீதம் கூட்டு வட்டியில் வருடத்துக்கு 150 வீதத்தைத் தாண்டும். புதிதாய்ச் சேருபவரின் காசில் பழையவருக்குக் கொடுக்கும் பிரமிட் திட்டங்களை நம் வங்கிச் சட்டம் தடை செய்திருக்கிறது. தொட வேண்டாம்.

பெட்டிகள் சீமெந்துத் தரையிலா இருக்கின்றன? உவர்மலைக் கடற்காற்றில் ஆர்ட் தாள் ஈரம் பிடித்து ஒட்டும், நடுப்பின் துருவேறி நடுப் பக்கத்தைப் பழுப்பாக்கும். அப்படிப் போன பிரதியை எந்த முன்பள்ளியும் 400க்கு வாங்காது. இன்றே பலகைமேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.