சர்க்கரை உள்ள அப்பா கோலாலம்பூர், பினாங்கு வருகிறார்: உடல்நலத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி இது: சென்னையிலிருந்து அப்பாவும் அம்மாவும் பத்து நாள் வருகிறார்கள். அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரைக்கு மாத்திரையும் இரவில் இன்சுலினும் எடுக்கிறார். எதில் எச்சரிக்கை வேண்டும்?

தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா, சாப்பாடு சேருமா என்றுதான் பலரும் முதலில் கேட்பார்கள். காய்ச்சிய தண்ணீரோ போத்தல் தண்ணீரோ குடித்தால் அது முடிந்தது. உங்கள் அப்பாவுக்கு அதைவிடப் பெரிய கவலைகள் இரண்டு: சர்க்கரை திடீரென்று தாழ்வது, டிங்கி (டெங்கு) காய்ச்சல்.

முதலில் எண் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் சர்க்கரையை மில்லிகிராம் கணக்கில் சொல்வார்கள், மலேசியாவில் மில்லிமோல். கிளினிக்கில் "12" என்று சொன்னால் குறைந்துவிட்டது என்று பயந்து மிட்டாய் கொடுத்துவிடாதீர்கள். மலேசிய எண்ணை 18-ஆல் பெருக்குங்கள்: 12 என்பது 216. அதே போல 3.9 என்பது 70. அதற்குக் கீழே போனால்தான் உடனே இனிப்பு. அப்பா பழகிய கருவியையும் போதுமான ஸ்ட்ரிப்பையும் ஊரிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு கருவியின் ஸ்ட்ரிப் இன்னொன்றில் சேராது.

அடுத்தது நேரம். மலேசியா இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. சென்னையில் இரவு 9 மணிக்குப் போடும் ஊசி இங்கே 11.30. எந்த நேரத்தில் போடுவது என்று கிளம்பும் முன்பே அவருடைய மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்துவிடுங்கள். ஒரு நாள் 9, மறுநாள் 11.30 என்று அலைக்கழிப்பதுதான் கெடுதல். இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்குப் பெட்டியில் போட்டால் உறைந்துபோகலாம், ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனாவைப் பொதுவாக 30 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். இங்கே பகல் வெயிலே 32, 33. நிறுத்திய காருக்குள் இன்னும் கொதிக்கும், அங்கே விட்டுவிட்டுப் போகவே கூடாது. மாத்திரைகளைப் பிரிக்காமல் அட்டையோடும், வேதிப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடும் கொண்டுவரட்டும். ஊரில் டோலோ என்று கேட்பதை இங்கே பனடோல் என்று கேட்க வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கும் இதே கதைதான்.

கோலாலம்பூரை அடுத்த பத்துமலை முருகன் குகைக் கோவிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 272 படி, செங்குத்து. "சாமியைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன்" என்று நம் பெரியவர்கள் வெறும் வயிற்றில் ஏறுவார்கள், காலை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு. சர்க்கரை தாழ இதைவிட வேறு வழி வேண்டாம். நான்கு இட்லியாவது சாப்பிட்டு, ஏறும் முன் ஒருமுறை சோதித்து, காலை எட்டு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, பேச்சுக் குழறல் வந்தால் அந்தப் படியிலேயே உட்கார வைத்து மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 999-ஐ அழையுங்கள். இறங்கியதும், இரவு படுக்கும் முன்னும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். மரத்துப்போன காலுக்குக் கொப்புளம் வந்தது தெரியாது.

அங்கே குரங்குகளுக்குக் கண் பிளாஸ்டிக் பை மேல்தான். பையைப் பிடுங்கினால் விட்டுவிடுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் முழுதாக 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவையா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) தே தாரேக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர் கேட்டால் கெட்டிப்பால், அதாவது சீனிப்பால்தான். "தே ஓ கோசோங்" என்று கேட்கச் சொல்லுங்கள்: பாலும் இல்லை, சீனியும் இல்லை. பால் வேண்டுமென்றால் "தே சி கோசோங்". பினாங்கில் நாசி கண்டார் (சோற்றின் மேல் பல குழம்புகளை ஊற்றித் தருவது) வாங்கினால் சோற்றைக் குறைத்துக் கேளுங்கள்; குழம்பைக் கலந்து ஊற்றினால் எவ்வளவு சோறு போகிறது என்றே தெரியாது. பினாங்கின் பத்து ஃபிரிங்கி கடற்கரையில் கடலில் இறங்கும் ஆசை இருந்தால் ஜெல்லிமீன் உண்டு என்பது நினைவிருக்கட்டும். பட்டுவிட்டால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், வினிகரை அரை நிமிடமாவது ஊற்றி, மருத்துவமனைக்குப் போங்கள்.

டிங்கிக் கொசு கடிப்பது பகலில். காலையிலும் அந்தி சாய்வதற்கு முன்னும் அதிகம். 20 சதவீதத்துக்குக் குறையாமல் டீட் (DEET) என்ற கொசு விரட்டி உள்ள மருந்தைக் கை, கணுக்கால், கழுத்தில் பூசட்டும். காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும். புருஃபென் (ஐபுபுரோஃபென்) வேண்டவே வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். அப்பா இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுப்பவர் என்றால் நீங்களாக நிறுத்தாமல், காய்ச்சல் கண்ட அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். கடைவீதியில் "கிளினிக் 24 ஜாம்" (24 மணி நேர கிளினிக்) பலகை போட்ட இடங்களில் இரவிலும் பார்ப்பார்கள், மருந்தையும் அங்கேயே தருவார்கள். தனியார் மருத்துவமனையில் சேர்ப்பதென்றால் முன்பணம் கேட்பார்கள். அதனால் பயணக் காப்புறுதி எடுக்கும்போதே சர்க்கரை இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பணம் வராது.

கொசு கடித்து நான்கு முதல் பத்து நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும் என்பதால் ஊர் திரும்பிய பிறகும் வரலாம். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால் சென்னை மருத்துவரிடம் "மலேசியாவிலிருந்து வந்தோம்" என்பதை முதலில் சொல்லச் சொல்லுங்கள். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை, அது இறங்கும் சமயத்தில்தான் ஆபத்து. அப்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனையில் சேர்த்துவிட வேண்டும்.