சாமுவேலா, சவுலா? விவிலியப் பெயர்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: மகனுக்கு சாமுவேல் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒரு பெயர்ப் புத்தகத்தில் 'தேவனிடம் கேட்டுப் பெற்றவன்' என்று இருக்கிறது, இன்னொன்றில் 'தேவனுடைய நாமம்'. எது சரி?

பதில்: முதலாவது பொருள், சாமுவேலின் தாய் அன்னாளே சொன்ன காரணம். 'கர்த்தரிடத்தில் கேட்டேன்' என்று சொல்லித்தான் பிள்ளைக்குப் பெயரிட்டாள் (1 சாமுவேல் 1:20). சிக்கல் என்னவென்றால், எபிரெயத்தில் கேட்பதற்கான வினை 'ஷாஅல்'. அதிலிருந்து நேராக வருகிற பெயர் ஷாஊல், அதாவது இஸ்ரவேலின் முதல் ராஜா சவுல்! 'ஷெமுவேல்' என்பதில் இருப்பது 'ஷேம்', பெயர். கூடவே 'ஏல்', கடவுள். சொல்லமைப்பைப் பார்த்தால் இரண்டாவது புத்தகம்தான் கிட்டத்தில் வருகிறது.

இன்னும் வேடிக்கை 28ஆம் வசனத்தில். பிள்ளையைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கும்போது அன்னாள் வாயில் வரும் சொல் எழுத்துக்கு எழுத்து 'ஷாஊல்'. சவுல் பிறந்த கதைதான் சாமுவேலுக்கு மாறிவிட்டது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. பின்னாளில் சவுலை அபிஷேகம் பண்ணப்போகிறவனின் பிறப்பிலேயே கதைசொல்லி அந்தப் பெயரை ஒலிக்கவிட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். விவிலியத்தில் பெயருக்குச் சொல்லப்படும் காரணம் பல இடங்களில் ஓசையைப் பிடித்து வருவதுதான், நம் சிலேடை மாதிரி. அதை அகராதியோடு ஒத்துப்பார்த்துச் சண்டை போட வேண்டியதில்லை.

கேள்வி: 'ஏல்', 'யா' என்று முடிந்தாலே கடவுள் பெயர்தானா?

பதில்: பெரும்பாலும். 'யா' என்பது இஸ்ரவேலரின் கடவுள் பெயரான 'யாவே'யின் சுருக்கம். தானியேல் 'ஏல் என் நியாயாதிபதி'. ஏசாயா 'யாவே மீட்பு'. யோவேல் என்ற பெயரில் இரண்டும் சேர்ந்து 'யாவேயே கடவுள்' என்றாகிறது. எலியாவில் வரிசை மாறி 'என் கடவுள் யாவே'. ஆனால் ராகேலிடம் ஏமாந்துவிடாதீர்கள். அதில் கடவுள் இல்லை. 'ராகேல்' என்றால் பெண் ஆடு. அவள் ஆடு மேய்த்துக்கொண்டு வந்தபோதுதான் யாக்கோபு அவளைப் பார்த்தான்.

கேள்வி: எகிப்திய இளவரசி எப்படி எபிரெயத்தில் 'மோசே' என்று பெயர் வைத்திருப்பாள்?

பதில்: நல்ல சந்தேகம். தண்ணீரிலிருந்து எடுத்ததால் அந்தப் பெயர் என்கிறது யாத்திராகமம் 2:10; 'மாஷா' என்றால் வெளியே இழுத்தெடுப்பது. ஆனால் 'மோஷே' என்ற வடிவத்துக்கு 'இழுத்தெடுப்பவன்' என்றுதான் பொருள் வரும், 'எடுக்கப்பட்டவன்' என்று வராது. எகிப்திய மொழியில் 'மோஸ்' என்பது பிறப்பைக் குறிக்கும். தூத்மோஸ், அஹ்மோஸ் என்ற பார்வோன்களின் பெயர்களில் இருப்பது அதுதான். பெயர் எகிப்தியம், விளக்கம் எபிரெயம் என்பதே பலருடைய கருத்து, என்னுடையதும். பிற்பாடு ஒரு ஜனத்தையே கடல் வழியாக இழுத்து வந்தவனுக்கு அந்த விளக்கம் பொருந்தித்தான் போகிறது.

கேள்வி: சவுலின் மகன் இஸ்போசேத். 'வெட்கத்தின் மனிதன்' என்று எந்தத் தகப்பன் பெயர் வைப்பான்?

பதில்: வைக்கவில்லை. 1 நாளாகமம் 8:33இல் அவன் பெயர் எஸ்பால், அதாவது பாகாலின் மனிதன். 'பாகால்' என்றால் எஜமான். ஒரு காலத்தில் யாவேயையே அப்படி அழைத்திருக்கிறார்கள் என்பது ஓசியா 2:16இலிருந்து தெரிகிறது. பிறகு அந்தச் சொல் கானானியரின் தெய்வத்தோடு ஒட்டிக்கொண்டு கெட்ட வார்த்தை ஆகிவிட்டது. சாமுவேல் புத்தகத்தை எழுதியவர்களோ படியெடுத்தவர்களோ அதை எடுத்துவிட்டு 'போஷெத்', வெட்கம், என்று போட்டார்கள். யோனத்தானின் மகன் மெரிபால் மேவிபோசேத் ஆனதும் இதே கதைதான். இஸ்ரேலில், ஏலா பள்ளத்தாக்கை ஒட்டிய கிர்பெத் கெயாஃபாவில் கிடைத்த ஒரு ஜாடியில் 'பேதாவின் மகன் எஸ்பால்' என்று பொறித்திருக்கிறது. ஏறக்குறைய 3,000 ஆண்டுப் பழமை. 2015இல் அதைப் பற்றிய கட்டுரை வெளியானது. இவன் சவுலின் மகன் இல்லை, வேறு ஆள். ஆனால் அந்தக் காலத்தில் அப்படிப் பெயர் வைத்துக்கொண்டார்கள் என்பதற்குச் சாட்சி.

கேள்வி: யோசுவாவும் இயேசுவும் ஒரே பெயரா?

பதில்: ஆமாம். 'யெஹோஷுவா' சுருங்கி 'யேஷுவா' ஆனது. ஆகாய் புத்தகத்தில் யோசுவா எனப்படும் பிரதான ஆசாரியன் எஸ்றாவில் யெசுவா. கிரேக்கத்தில் 'ஷ' கிடையாது, ஆண்பால் பெயர் முடிவில் 'ஸ்' சேரும், அதனால் 'இயேசூஸ்'. தமிழில் அந்தக் கடைசி 'ஸ்' உதிர்ந்துவிட்டது.

கேள்வி: எங்கள் தாத்தா பெயர் அருளப்பன். யோவான்தான் அருளப்பன் என்கிறார்களே?

பதில்: பழைய கத்தோலிக்கத் தமிழில் யோவான் அருளப்பர்தான். 'யோஹானான்' என்றால் 'யாவே அருள்புரிந்தார்'. ஓசையை விட்டுவிட்டுப் பொருளைத் தமிழாக்கியிருக்கிறார்கள், அழகாகவே. பவுலையும் அப்படித்தான் சின்னப்பர் ஆக்கினார்கள். 'பவுலுஸ்' என்றால் சிறியவன். ஆனால் அது லத்தீன். பென்யமீன் கோத்திரத்தில் பிறந்த அவருடைய எபிரெயப் பெயர், அதே கோத்திரத்து ராஜாவின் பெயர்தான்: சவுல்.