டிஸ்க்கே இல்லாத டிரைவை யார் தட்டுகிறார்கள்? கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பல சிடி, டிவிடி டிரைவ் பற்றியவை. பெரும்பாலும் "டிரைவ் போய்விட்டது, புதிது வாங்கலாமா?" என்றுதான் முடிகின்றன. வாங்குவதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள்: நீங்கள் தொடாத நேரத்தில் அந்த டிரைவை வேறு எது தொடுகிறது?

பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு லினக்ஸ் போட்டிருக்கிறேன். டிரைவில் டிஸ்க் இல்லாதபோதும் விளக்கு விட்டு விட்டு மின்னுகிறது. அவ்வப்போது சிஸ்டம் சில விநாடி உறைந்து போகிறது. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதும் லாகில், அதாவது பதிவேட்டில், ஏடிஏ2 என்று வரிசையாகப் பிழைகள். (ஈரோடு வாசகர்)

டிஸ்க் போட்டதும் திரையில் அது தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகச் சிஸ்டம் டிரைவிடம் "ஏதாவது வந்ததா?" என்று விடாமல் கேட்கிறது. இதைத்தான் போலிங் என்கிறோம். லினக்ஸில் முன்பு ஹால் என்ற பின்னணிச் சேவை இந்த வேலையைப் பார்த்தது. 2011-இல் வந்த 2.6.38 முதல் கெர்னலே பார்க்கிறது. சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் யூடெவ் என்ற சேவை வைத்திருக்கும் வழக்கமான இடைவெளி 2000 மில்லிவிநாடி, அதாவது இரண்டு விநாடிக்கு ஒரு தடவை.

ஒழுங்கான டிரைவுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் சொதப்பலாக இருந்தாலோ கேபிள் தளர்ந்திருந்தாலோ டிரைவ் பதில் சொல்லாமல் நின்றுவிடும். கெர்னல் காத்திருந்து பார்த்து, டைம்அவுட் என்று எழுதிவிட்டு, இணைப்பையே ரீசெட் செய்யும். பழைய ஐடிஇ கேபிளில் ஹார்ட் டிஸ்க்கும் கூட இருந்தால் அதுவும் சேர்ந்து நிற்கும். நீங்கள் சொல்லும் உறைதல் அதுவாக இருக்கலாம்.

லாகில் பிழைக்குப் பக்கத்தில் 'கெட் ஈவென்ட் ஸ்டேட்டஸ் நோட்டிஃபிகேஷன்' என்ற பெயரும், 4ஏ என்று தொடங்கும் கட்டளையும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டிரைவ் திணறுவது இந்தக் கேள்விக்குத்தான். முதலில் கேபிளை மாற்றுங்கள், செலவு குறைவு. தீரவில்லை என்றால் 'சிஸ்' அடைவில் 'பிளாக்', அதற்குள் 'எஸ்ஆர்0' (சிடி டிரைவுக்கு லினக்ஸ் தரும் பெயர்) என்று போய், 'ஈவென்ட்ஸ் போல் எம்செக்ஸ்' என்ற கோப்பைப் பாருங்கள். பெயரின் சொற்களுக்கு இடையே அடிக்கோடு இருக்கும். -1 என்றால் பொது இடைவெளியைப் பின்பற்றுகிறது என்று பொருள். ரூட் (நிர்வாகி) உரிமையோடு 0 எழுதினால் போலிங் நிற்கும். அரை மணி நேரம் வழக்கம்போல வேலை பார்த்துவிட்டு லாகைப் பாருங்கள். பிழை நின்றிருந்தால் காரணம் உறுதி. நிற்கவில்லை என்றால் டிரைவையே சந்தேகப்படலாம்.

சோதனை முடிந்ததும் 0-வை அப்படியே விட்டுவிடாதீர்கள். 10000 போட்டுப் பாருங்கள், பத்து விநாடிக்கு ஒரு தடவைதான் கேட்கும். இந்த மாற்றம் ரீபூட் செய்தால் போய்விடும், நிரந்தரமாக வேண்டும் என்றால் யூடெவ் விதியாக எழுத வேண்டும். 0 ஏன் வேண்டாம் என்பதற்கு அடுத்த கேள்வியே பதில்.

யாரோ சொன்னதைக் கேட்டு போலிங்கை நிறுத்தினேன். இப்போது எஜெக்ட் பட்டனை அழுத்தினால் டிரே வெளியே வரவில்லை. (நாகர்கோவில் வாசகர்)

பட்டன் கெடவில்லை. இப்போதைய லினக்ஸில் யூடெவ் டிரேயைப் பூட்டி வைக்கிறது. நீங்கள் பட்டனை அழுத்தினால் டிரைவ் அதை ஒரு கோரிக்கையாகக் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். போலிங் வந்து கேட்கும்போதுதான் அது சிஸ்டத்துக்குத் தெரியும், பிறகு சிஸ்டமே டிரேயைத் திறந்துவிடும். கேட்க ஆளில்லாததால் கோரிக்கை அங்கேயே நிற்கிறது. டெர்மினலில் எஜெக்ட் கட்டளை கொடுங்கள், வெளியே வந்துவிடும். முன்பக்க ஓட்டையில் கம்பியை விடுவதெல்லாம் கடைசி வழி.

டிரே வெளியே வந்த கையோடு திரும்ப உள்ளே போய்விடுகிறது. டிஸ்க் வைக்கவே நேரம் இல்லை. (மட்டக்களப்பு வாசகர்)

லினக்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். கெர்னலில் சிடிராம் அமைப்புகளில் 'ஆட்டோகுளோஸ்' என்று ஒன்று உண்டு, இயல்பாக 1-இல் இருக்கும். டிரே திறந்திருக்கும்போது ஏதாவது ஒரு நிரல் டிரைவைத் திறந்து பார்க்க முயன்றால், கெர்னல் டிரேயை உள்ளே இழுத்துவிடும். சிஸ்சிடிஎல் என்ற கட்டளை வழியாக அதை 0 ஆக்குங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

விர்ச்சுவல் மெஷின் ஓடும்போது மட்டும் டிரைவ் சுழன்று சத்தம் போடுகிறது. (கோவை வாசகர்)

உள்ளே ஓடும் ஓஎஸ்ஸும் தன் பங்குக்கு டிரைவை விசாரிக்கிறது. விர்ச்சுவல் மெஷினின் அமைப்புகளில் சிடி டிரைவின் இணைப்பை எடுத்துவிடுங்கள். தேவைப்படும்போது ஐஎஸ்ஓ கோப்பை (டிஸ்க்கின் முழுப் பிரதி) இணைத்தால் போதும்.

யூஎஸ்பி டிவிடி டிரைவில் படிக்க முடிகிறது, ரைட் செய்யும்போது பாதியில் துண்டித்துக்கொள்கிறது. இதுவும் போலிங்தானா? (சென்னை வாசகர்)

இல்லை. மின்சாரம் போதவில்லை என்று நினைக்கிறேன். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. ரைட் செய்யும்போது லேசருக்கும் மோட்டாருக்கும் அதிகம் தேவை. ஹப் வேண்டாம், சிஸ்டத்தின் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகுங்கள்.

அக்கா கல்யாண டிவிடியை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றப் பார்க்கிறேன். விண்டோஸ் 10. பாதியில் நின்று டிரைவ் வேகம் கூடிக் குறைந்து திணறுகிறது. (திருச்சி வாசகர்)

இதில் அவசரப்படாதீர்கள். அந்த டிஸ்க்குக்கு இன்னொரு பிரதி இருக்காது. முதலில் வெப்பநிலை, ஹார்ட்வேர் நிலை காட்டும் மென்பொருள்களை மூடுங்கள். அவற்றில் சில ஆப்டிகல் டிரைவையும் நச்சரிக்கும். ஆன்டிவைரஸ் அந்த டிரைவை ஸ்கேன் செய்துகொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் வெவ்வேறு இடத்தைக் கேட்டால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓட வேண்டியிருக்கும், அந்தச் சத்தம் உங்களுக்கே கேட்கும்.

அப்புறமும் ஒரே இடத்தில் நின்றால் டிஸ்க்கில் கீறலோ அழுக்கோ இருக்கிறது. மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கக் கூடாது. பிறகு கோப்பு கோப்பாக இழுத்துப் போடாமல், லினக்ஸ் லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவ்) இருந்து ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் கொண்டு முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜாக எடுங்கள். அது படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். எதை எடுத்தது, எதை விட்டது என்று ஒரு மேப் கோப்பில் குறித்தும் வைக்கும். அந்தக் கோப்பையும் இமேஜையும் நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோய் வேறு டிரைவில் தொடரலாம். ஒரு டிரைவ் கைவிட்ட பகுதியை இன்னொன்று படித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.